லிப்ரேஆபீஸ் ரைட்டரின் பக்க எண் வசதி: கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்கு எட்டுகிறதா?

"14-ஆம் பக்கம் எடுங்க" என்று ஆசிரியர் சொன்னதும் அச்சுத் தாளை வைத்திருப்பவர், எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவர், என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் வழியே கேட்பவர் மூவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர வேண்டும். பக்க எண்ணின் வேலையே அதுதான். லிப்ரேஆபீஸ் என்ற இலவச அலுவலகத் தொகுப்பில் ஆவணம் தட்டச்சு செய்யும் செயலியான ரைட்டரை அந்த ஒரு அளவுகோலால் மட்டும் பார்ப்போம்.

2023 ஆகஸ்டில் வந்த 7.6 பதிப்பு முதல் எண் போடுவது மிக எளிது. இன்செர்ட் மெனுவில் 'பேஜ் நம்பர்' கொடுத்தால் சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். மேலா கீழா, இடமா நடுவா வலமா என்று தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்தால் போதும். பழைய பதிப்புகளில் முதலில் ஃபூட்டரை, அதாவது எல்லாப் பக்கங்களின் அடியிலும் வரும் பகுதியைத் திறந்து, அதற்குள் கர்சரை வைத்து, பிறகுதான் எண்ணைச் செருக வேண்டும். அந்த வரிசை தெரியாமல் பத்தி நடுவே எண்ணைச் செருகிவிட்டுத் திகைத்தவர்கள் ஏராளம்.

அதே பெட்டியில் இரட்டைப்படைப் பக்கங்களில் எண்ணை எதிர்ப்புறம் மாற்றும் 'மிரர்' டிக் ஒன்று உண்டு. இரு பக்கமும் அச்சடித்துத் தைக்கும் புத்தகம் இல்லையென்றால் அதை எடுத்துவிடுங்கள். திரையைப் பல மடங்கு பெரிதாக்கிப் படிப்பவருக்குத் தாளின் ஒரு மூலைதான் ஒரு நேரத்தில் தெரியும்; எண் இடம் மாறிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு பக்கமும் தேட வேண்டியதுதான். எழுத்தளவையும் எண்ணைத் தேர்ந்தெடுத்து மாற்றாமல், எஃப்11 அழுத்தி 'ஃபூட்டர்' ஸ்டைலில் மாற்றுங்கள். 12 புள்ளிக்குக் குறைய வேண்டாம், சாம்பல் நிறமும் வேண்டாம்.

தொல்லை அட்டைப் பக்கத்தில் தொடங்குகிறது. அட்டையில் எண் தெரியக் கூடாது என்றால் ஃபார்மட் மெனுவில் 'டைட்டில் பேஜ்' போங்கள். அதில் அட்டைக்குப் பின் எண்ணை மீண்டும் 1 என்று தொடங்கும் தேர்வு இருக்கும். பலர் அதை டிக் செய்கிறார்கள். அங்கேதான் கேட்டுப் படிப்பவர் தனித்துப்போகிறார். காரணம் இதுதான்: ஆவணத்தைப் பிடிஎஃப் ஆக்கும்போது ஃபூட்டர் அலங்காரமாகவே குறிக்கப்படுகிறது, திரைவாசிப்பான் அதைத் தாண்டிப் போய்விடும். கேட்பவருக்குக் கிடைப்பது பிடிஎஃப் செயலி முதல் தாளிலிருந்து வரிசையாக எண்ணும் எண். அக்ரோபாட் என்ற பிடிஎஃப் செயலியில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+என் அழுத்தி 14 கொடுத்தால் பதினான்காவது தாளுக்குப் போவார். அந்தத் தாளின் அடியில் அச்சாகியிருப்பதோ 13. முன்னுரைக்கு i, ii, iii போட்டிருந்தால் இடைவெளி இன்னும் பெரிது.

ஆகவே திரையில் படிக்கப்போகும் எதற்கும் அட்டையையே 1 என்று எண்ணுங்கள். அட்டையில் எண்ணைக் காட்டாமல் விடலாம். ஆனால் அடுத்த பக்கம் 2 ஆகவே இருக்கட்டும். புத்தக மரபுக்கு இது சற்று உறுத்தும். ஆனாலும் எல்லாரும் ஒரே பக்கத்தில் நிற்பது அதைவிட முக்கியம்.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. எண்ணைக் கூட்டிக் காட்ட, பக்க எண்ணைத் தானாகக் காட்டும் ஃபீல்டின் அமைப்பில் 'ஆஃப்செட்' 1 என்று கொடுக்கிறார்கள். அது எண்ணை மாற்றும் இடம் அல்ல, அடுத்த பக்கத்தின் எண்ணை எடுத்துக் காட்டச் சொல்லும் கட்டளை. கடைசிப் பக்கத்துக்கு அடுத்து பக்கமே இல்லாததால் அங்கே எண் காணாமல் போகும்.

ரைட்டர் ஒற்றைப்படை எண்ணை எப்போதும் வலப்பக்கமாகவே வைக்கும். அட்டை 1, உள்ளே மீண்டும் 1 என்றால் நடுவே ஒரு வெற்றுத் தாளைத் தானே சேர்த்துவிடும். அச்சில் அது வந்து பிடிஎஃப்பில் வராமல் போகலாம், அப்போது தாள் கணக்கு மறுபடி பிசகும். எண்ணை மறுபடி தொடங்காவிட்டால் இந்தச் சிக்கலும் எழாது.

பிடிஎஃப் ஆக்கும்போது எக்ஸ்போர்ட் பெட்டியில் 'யுனிவர்சல் ஆக்சஸிபிலிட்டி' டிக் செய்ய மறக்காதீர்கள்; திரைவாசிப்பானுக்கு ஏற்றபடி பிடிஎஃப் ஆக்கும் இந்தத் தேர்வு 7.0 முதல் இருக்கிறது.

ஏற்கெனவே அச்சான பாடநூலைப் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து தருபவர்களுக்கு இந்த வசதி மட்டும் போதாது. எழுத்தை 18 புள்ளி ஆக்கினால் மூலத்தின் ஒரு பக்கம் இரண்டு மூன்றாக விரியும். தானியங்கி எண்ணுக்கும் மூலத்துக்கும் தொடர்பே இருக்காது. மூலப் பக்கம் தொடங்கும் இடத்தில் "பக்கம் 14" என்று தனி வரியாகத் தட்டி, அதற்கு 'ஹெடிங் 6' ஸ்டைல் கொடுங்கள். ரைட்டரில் எஃப்5 அழுத்தினால் தலைப்புகளைப் பட்டியலிடும் நேவிகேட்டரில் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அதே கோப்பை வேர்டில் திறந்து என்விடிஏவின் பிரவுஸ் மோடில் (ஒற்றை விசைகளால் ஆவணத்தில் நகரும் முறை) 6 என்ற விசையைத் தட்டினால், பக்கம் பக்கமாகத் தாவலாம்.