ஜென்டூ நிறுவ ஒரு நல்ல ஸ்கிரிப்ட்

மென்பொருட்களை மூலநிரலிலிருந்து நம் கணினியிலேயே கட்டும் இயங்குதளமான ஜென்டூ லினக்ஸைக் கையால் நிறுவ நேரமில்லாதவர்களுக்கு ஜென்டூ-இன்ஸ்டால் என்ற, கட்டளைகளை வரிசையாகத் தானே ஓட்டும் பாஷ் ஸ்கிரிப்டைத் தாராளமாகச் சொல்லுவேன். மெனுவில் டிஸ்க் பிரிப்பு, குறியாக்கம், சேவைகளைத் தொடக்கி நடத்த சிஸ்டம்டியா ஓப்பன்ஆர்சியா என்று தெரிவு செய்துவிட்டால், ஸ்டேஜ்3 என்ற அடிப்படைக் கோப்புத்தொகுப்பை இறக்குவதிலிருந்து கர்னல் (இயங்குதளத்தின் மையம்), பூட் வரைக்கும் அதுவே பார்த்துக்கொள்கிறது, கல்லடியில் என் பழைய லாப்டொப்பில் ஒரு தடங்கலும் வரவில்லை. பொதுவாக டிஸ்க்கை அழித்துத்தான் தொடங்கும், முக்கியமான கோப்புகளை முதலே வேறிடத்தில் எடுத்து வையுங்கள். டெஸ்க்டொப் தனியாகப் போடவேண்டும். அப்புறம், கரண்ட் போய்ப்போய் வரும் மட்டக்களப்பில் பெரிய பிரௌசரைக் கம்பைல் பண்ணுவது (மூலநிரலிலிருந்து கட்டுவது) கொடுமை, 2023 டிசம்பரில் ஜென்டூ அறிவித்த, ஏற்கனவே கட்டிய பைனரி பொதிகளைப் பாவியுங்கள். உங்கள் யூஸ் ஃபிளாக் (மென்பொருளில் எந்த வசதிகள் வேண்டும் என்ற தெரிவு) அந்தப் பொதியிலிருந்து வேறாக இருந்தால் ஜென்டூவின் பொதி மேலாளரான போர்டேஜ் மூலநிரலிலிருந்தே கட்டிக்கொள்ளும்.