பழைய பிக்கப்புக்கு பிரேக் ஹோஸ்: அதே ரப்பரா, ஸ்டீல் பின்னலா?

பிரேக் ஆயிலை வீலுக்குக் கொண்டு போற வளையுற குழாய் தான் ஹோஸ், கழட்டுனதை கையில வச்சு மடக்கிப் பாத்தேன், வெளித்தோல் முழுக்க வறண்ட குளத்து மண்ணு மாதிரி வெடிப்பு. சரி ஆயுசு முடிஞ்சுதுன்னு தெரிஞ்சுது, ஆனா அந்த வெடிப்பு இல்ல என் பிரச்சனை. பிரச்சனை உள்ள இருந்துச்சு. இடது முன் வீல் மட்டும் கை வைக்க முடியாத சூடு, பிரேக்கை விட்ட பிறகும் வண்டி அந்தப் பக்கமே இழுக்குது, காலிபர் (டிஸ்க்கை அமுக்கிப் பிடிக்கிற பாகம்) தான் ஜாம் ஆயிடுச்சுன்னு நினைச்சு புது காலிபர் போட்டேன், ரெண்டு நாள்ல திரும்ப அதே கதை. ஹோஸுக்கு நடுவுல அதைப் பிடிச்சுக்க ஒரு இரும்பு கிளாம்ப் அமுக்கி வச்சிருப்பான் பாருங்க, அதுக்குள்ள துரு ஏறி வீங்கி ஹோஸை கழுத்தைப் பிடிச்ச மாதிரி நெரிச்சிருந்துச்சு. கால் அழுத்தத்துல ஆயில் உள்ள போயிடும், விட்டா திரும்பி வராது. வெளிய இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது.

காலிபர் வாங்குறதுக்கு முன்னாடி இதை செஞ்சிருக்கணும். வீல் பிடிச்சுகிட்டு இருக்கும்போது, ஹோஸும் இரும்பு பைப்பும் சேர்ற நட்டை லேசா லூஸ் பண்ணுங்க. வீல் விட்டுட்டா ஹோஸ் நல்லா இருக்கு, கோளாறு அதுக்கு மேல, பெடல் மிதிச்சா ஆயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர் பக்கம். விடலன்னா காலிபர்ல ஏர் எடுக்குறதுக்குன்னு இருக்குற ப்ளீட் நிப்பிளை திறங்க, அப்ப விட்டா ஹோஸ் தான் அடைப்பு. அதுக்கும் விடலன்னா தான் காலிபர் மேல பழி போடணும்.

சரி, மாத்துறதுன்னு முடிவு, என்னத்தைப் போடுறது? ஆளாளுக்கு சொல்றது மேல ஸ்டீல் கம்பி பின்னின ஹோஸ் போடு, பெடல் கல்லு மாதிரி ஆயிடும்னு. அது பொய் இல்ல, ஆனா எவ்வளவு உண்மைன்னு கணக்கு போட்டுப் பாத்தா தான் தெரியும்.

பிரேக் ஹோஸ் மேல அச்சடிச்சிருக்குறதை படிச்சுப் பாருங்க, எச்ஆர்னு இருந்தா சாதாரண விரிவு (அழுத்தத்துல வீங்குற அளவு), எச்எல்னு இருந்தா குறைஞ்ச விரிவு. அமெரிக்காவோட எஃப்எம்விஎஸ்எஸ் 106ங்கிற வாகனப் பாதுகாப்பு விதியில வர்ற குறி இது. 1/8 இஞ்ச் உள்விட்டம் இருக்குற ஹோஸ்ல 1000 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு ஒரு அடி நீளத்துக்கு எச்ஆர் 0.66 சிசி வரைக்கும் வீங்கலாம், எச்எல் 0.33 சிசி வரைக்கும் தான். ரெண்டும் மேல் வரம்பு, அதுக்கு மேல வீங்குனா பாஸ் ஆகாது. பிக்கப்ல முன்னாடி ரெண்டு, பின்னாடி சேசியில இருந்து பின் அச்சு ஹவுசிங்குக்கு வர்றது ஒண்ணு, மொத்தம் ஒரு 4 அடின்னு வச்சுக்குங்க. வரம்புக்கு வரம்பு வித்தியாசம் பாத்தா சுமார் 1.3 சிசி. மாஸ்டர் சிலிண்டர் 1 இஞ்ச் விட்டம்னா பிஸ்டன் பரப்பு 5 சதுர செமீ, அப்ப பிஸ்டன் நகர்ற தூரத்துல வித்தியாசம் இரண்டரை மிமீக்கு கொஞ்சம் மேல, பெடல்ல அது நாலஞ்சு மடங்காகும். ஆக ஒரு செமீக்கு மேல, கால்ல தெரியத்தான் செய்யும். ஆனா இது 1000 பிஎஸ்ஐ வர்ற அளவுக்கு ஓங்கி மிதிக்கும்போது வர்ற கணக்கு, தினம் சிக்னல்ல நிக்கிறதுக்கு இதுல பாதி கூட வராது.

இன்னொரு விஷயம், யாரும் ஒத்துக்க மாட்டாங்க. பின்னல் ஹோஸ் போட்டவர் கூடவே என்ன செஞ்சார்? பழுப்பேறின பழைய ஆயிலை கொட்டிட்டு புதுசு ஊத்தி, நாலு வீல்லயும் பைப்புக்குள்ள சிக்கின காத்தை வெளியேத்தி நல்லா ஏர் எடுத்தார். பாதி சுகம் அதுல வந்தது தான், பேரை மட்டும் ஸ்டீல் வாங்கிட்டுப் போயிடுது. பின்னாடி டிரம் பிரேக் இருக்குற வண்டின்னா லைனிங் அட்ஜஸ்ட்மெண்ட் வேற. ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமா இருந்தா பெடல் கீழ போறதுக்கு எந்த ஹோஸும் மருந்து இல்ல.

இப்ப ரப்பரோட நல்லது. உள்ள ஈபிடிஎம்ங்கிற ரப்பர் குழாய், அதுக்கு மேல நூல் பின்னல், அதுக்கு மேல திரும்ப ரப்பர் தோல். சாகப் போகுதுன்னா முன்னாடியே ஜாடை காட்டும், வெடிக்கும், ஒரு இடத்துல முட்டை மாதிரி புடைக்கும், ஆயில் கசிஞ்சு ஈரம் தெரியும். எப்பவும் இல்ல, என் கேஸ் மாதிரி உள்ளுக்குள்ளயே கெடுறதும் உண்டு, ஆனாலும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். ஸ்டீல் பின்னல்ல அந்த வசதி கிடையாது. உள்ள இருக்குற பிடிஎஃப்இ (டெஃப்லான்) குழாய் ஒரு தடவை ஒடிஞ்சு மடங்குச்சுன்னா அந்த இடம் பலவீனம் தான், மேல கம்பிப் பின்னல் மினுமினுன்னு புதுசு மாதிரியே இருக்கும், போறப்ப சொல்லாம கொள்ளாம போகும். வெறும் கம்பியா மேல உறை இல்லாம வர்றது இன்னும் மோசம், மணலும் சேறும் கம்பி இடுக்குல புகுந்து உள்குழாயை அரைக்கும், அந்தக் கம்பியே பக்கத்துல உரசுற பைப்பையும் ஒயரையும் அரம் மாதிரி ராவும். வாங்குறதா இருந்தா மேல பிளாஸ்டிக் உறை போட்டதா, அச்சடிச்ச குறி இருக்குறதா வாங்குங்க, குறி இல்லாததை ஓசியில குடுத்தாலும் வேண்டாம்.

ஸ்டீலுக்கு நியாயமும் சொல்லிடணும். ரப்பர் வழியா காத்து ஈரம் மெல்ல மெல்ல ஆயில்ல ஏறும், பிடிஎஃப்இ வழியா அது ரொம்ப கம்மி. டாட் 3, டாட் 4ங்கிறது பிரேக் ஆயிலோட தரம். டாட் 3 ஆயிலோட கொதிநிலை புதுசுல குறைஞ்சது 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறினா 140 வரைக்கும் இறங்கலாம், டாட் 4க்கு 230ல இருந்து 155. லோடு ஏத்திகிட்டு நீள இறக்கத்துல இறங்குறவங்களுக்கு இந்த நம்பர் விளையாட்டு இல்ல. ஆனா ஆயில் டப்பா மூடி வழியாவும் ஈரம் ஏறும், அதனால எந்த ஹோஸ் போட்டாலும் ஆயில் மாத்தாம தப்பிக்க முடியாது.

மூணாவதா ஒரு யோசனை சொல்வாங்க, ஜேசிபி டிராக்டருக்கு ஹைட்ராலிக் ஹோஸுக்கு முனையை அமுக்கி மாட்டுற (கிரிம்ப் பண்ற) இடத்துல அளவு குடுத்து செஞ்சுக்கோன்னு. இதுல மட்டும் எனக்கு ரெண்டு பேச்சு கிடையாது, வேண்டாம். அந்த ஹோஸ்ல பெரும்பாலும் உள்ள இருக்குறது மினரல் ஆயிலுக்கான நைட்ரைல் ரப்பர், நம்ம பிரேக் ஆயில் கிளைக்கால்ங்கிற வேற வகை, அது பட்டா ஊறிப் போய் கெட்டுடும். அழுத்தம் தாங்குமான்னு கேட்டா தாங்கும், அது இல்ல கேள்வி.

என் கணக்கு இது தான். சஸ்பென்ஷன் உயர்த்தாத, வேலைக்கு ஓடுற பழைய பிக்கப்புன்னா மூணுமே நல்ல ரப்பர், ஒரே நேரத்துல. மிச்சமாகுற காசை துருப்பிடிச்ச இரும்பு பைப்புக்கு வைங்க, நிஜமான எமன் அங்க தான் உக்காந்திருக்கான். வண்டியை உயர்த்தி இருந்தா, இல்ல அடிக்கடி லோடோட மலை இறங்குவீங்கன்னா முன்னாடி ரெண்டுக்கு மட்டும் ஸ்டீல், சரியான நீளத்துல. பின்னாடி டிரம் இருக்குற ஹவுசிங்குக்கு ஸ்டீல் போட்டு கால்ல பெரிய வித்தியாசம் எதிர்பாக்காதீங்க. ஆனா அந்த பின் ஹோஸை மறந்துடாதீங்க, கீழ படுத்துப் பாத்தா தான் தெரியும் அப்படி ஒண்ணு இருக்குன்னே, அதனாலயே வண்டி பிறந்த நாள்ல இருந்து மாத்தாமக் கிடக்கும்.

மாட்டுற வேலையில ஹோஸ் எதுவா இருந்தாலும் வம்பு ஒண்ணு தான், அந்த இரும்பு பைப் நட்டு. சாதா ஸ்பானர் போட்டா முனை மழுங்கும், நட்டை சுத்தி வளைச்சுப் பிடிக்கிற ஃபிளேர் நட் ஸ்பானர் தான் போடணும், முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கி அடிச்சு ஊற விடுங்க. அப்படியும் நட்டோட சேந்து பைப் முறுக்குதுன்னா நிறுத்திடுங்க, எனக்கு ஒண்ணு முறுக்கியே ஒடிஞ்சுது, நிக்கல் காப்பர் பைப் வாங்கி முனையை விரிச்சு ரெண்டா மடிக்கிற டபுள் ஃபிளேர் அடிச்சு மாட்ட வேண்டியதாப் போச்சு. முனை டபுள் ஃபிளேரா, குமிழ் மாதிரி இருக்குற பப்பிள் ஃபிளேரான்னு பாத்துட்டு அடிங்க, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு உக்காராது. காலிபர் பக்கம் ஓட்டை போட்ட போல்ட்டுன்னா ரெண்டு பக்கமும் காப்பர் வாஷர் புதுசு, பழசைத் திருப்பிப் போட்டு மிச்சம் பிடிக்காதீங்க. காலிபரை ஹோஸ்ல தொங்க விடாதீங்க, கம்பியால கட்டிடுங்க.

ரப்பர் ஹோஸ் மேல நீளவாக்குல கோடு ஓடும் பாருங்க, அழகுக்கு இல்ல அது. மாட்டினதும் அந்தக் கோடு நேரா போகணும், கயிறு மாதிரி சுத்திகிட்டு போனா ஹோஸை முறுக்கி மாட்டிட்டீங்கன்னு அர்த்தம், கழட்டி திரும்ப மாட்டுங்க. அப்புறம் முன் வீலைத் தூக்கி தொங்க விட்டு, ஸ்டியரிங்கை அந்தக் கடைசிக்கும் இந்தக் கடைசிக்கும் திருப்பிப் பாக்கணும், ஹோஸ் எங்கயும் இழுபடக் கூடாது, டயர்ல உரசக் கூடாது.

ஏர் எடுக்கும்போது பழைய வண்டியில பெடலை தரை வரைக்கும் மிதிக்காதீங்க. மாஸ்டர் சிலிண்டர் உள்ள தினம் ஓடாத பகுதியில துரு இருக்கும், சீல் அதுல போய் கிழிஞ்சுதுன்னா ஹோஸ் மாத்தப் போய் மாஸ்டர் சிலிண்டர் வாங்குன கதையாகும். பெடலுக்குக் கீழ ஒரு மரக்கட்டையை வச்சிட்டேன், உள்ள உக்காந்து மிதிக்கிறவருக்கு எங்க நிறுத்தணும்னு கத்த வேண்டிய வேலையும் மிச்சம்.