கடலோர வீட்டில் தையல் அறை: கிழக்கு மாடியா, உள்ளறையா?

கடலூரில் தேவனாம்பட்டினம் செல்லும் சாலையையொட்டி, கடலிலிருந்து ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் தொலைவில் எங்கள் வீடு உள்ளது. தையலுக்குத் தனி அறை ஒதுக்க நினைத்தபோது, மாடியில் கிழக்கு பார்த்த அறையும், கீழே கூடத்துக்குப் பின்னால் சிறிய உள்ளறையும் காலியாக இருந்தன. மாடியில் இரண்டு ஆண்டுகள் தைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தவள் நான். என் சாய்வு உள்ளறையின் பக்கமே.

வெளிச்சத்திலும் இட வசதியிலும் மாடியே மேல். துணி வெட்டும் மேசையைச் சுற்றி நடக்கலாம். கோடையில் நண்பகலுக்குமேல் கடற்காற்று எழுந்துவிட்டால் மின்விசிறியும் வேண்டாம்.

ஆனால் என்னைக் கீழே இறக்கியதும் அந்தக் காற்றுதான். அதில் மிதந்து வரும் உப்பு இரும்பின்மேல் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், இன்று துடைத்த இடம் நாளையே பிசுபிசுக்கிறது. வண்ணம் பூசிய மிஷின் உடம்புக்குப் பெரிய கேடில்லை. பூச்சில்லாத ஊசித்தண்டு, மேல்நூலை அடிநூலோடு பின்னும் ஷட்டில், துணியை நகர்த்தும் பல் ஆகியவையே துருவுக்கு இரையாகின்றன. ஷட்டிலின் முனையில் சிறு சொரசொரப்பு விழுந்தாலும் நூல் அறுந்துகொண்டே இருக்கும். நூல் இறுக்கத்தை எத்தனை முறை திருகிச் சரிசெய்தாலும் அது தீராது. வெள்ளைப் பருத்தி ரவிக்கை ஒன்றில் குண்டூசியைக் குத்தியபடியே சில நாள் விட்டிருந்தேன்; பதிந்த துருக்கறை, எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் உலர்த்தியும் முழுதாகப் போகவில்லை. பிறர் கொடுத்த துணி என்பதால் அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

மாடியில் வாரம் இருமுறை ஷட்டிலைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டேன். கீழே வந்தபின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதுமாகிறது. எந்த அறையானாலும் மிஷின் எண்ணெயையே விட வேண்டும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாக இறுகிவிடும்.

உள்ளறையின் குறை இருட்டு. மிஷினில் ஊசி நமக்கு இடப்புறம் இருப்பதால், இடப்பக்கச் சுவரில் 20 வாட் எல்.இ.டி. குழல்விளக்கைப் பொருத்தினேன், கை நிழல் தையல்மேல் விழுவதில்லை. ஊசி, பாபின், கத்தரிக்கோல் யாவும் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாக்களில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இருக்கின்றன. பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைத்தேன். ஐப்பசி, கார்த்திகையில் மூடிய அலமாரித் துணியில் பூஞ்சை வாடை வரத்தான் செய்கிறது. வெயில் தலைகாட்டும் நாளில் எடுத்து உலர்த்துகிறேன்.

என் அனுபவம் மிதி மிஷின் ஒன்றோடு நின்றுவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். காற்றிலுள்ள உப்பு கரையிலிருந்து விலக விலகக் குறையும்; பண்ருட்டி, நெய்வேலிப் பக்கம் இருப்பவர்கள் தயங்காமல் மாடியையே எடுத்துக்கொள்ளலாம். வெள்ளம் வேறு கணக்கு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணை பெருகியபோது எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. தண்ணீர் ஏறும் தெருவில் வீடு இருந்தால் மாடியில் மேற்குப் பக்க அறையைத் தேர்ந்து, கிழக்குச் சன்னலை மூடி வைப்பது நல்லது. கீழேயே வைத்திருப்பவர்கள், பெல்ட்டைக் கழற்றி, பின்புறக் கீல்களிலுள்ள இரண்டு திருகுகளைத் தளர்த்தினால் மிஷின் தலை மட்டும் தனியே வந்துவிடும் என்பதை மழைக்காலத்துக்கு முன்பே ஒருமுறை செய்து பார்த்துக்கொள்ள வேண்டும்.