350 ரூபாய்க்கு ஒரு ‘தாணுமாலயன்’: பெயர் அட்டை வாங்கலாமா?

களியக்காவிளையில் குழந்தைகளின் பெயருக்குப் பொருளும் வரலாறும் அச்சடித்து, லேமினேட் செய்து தரும் கடை ஒன்றில் பழைய ஆண் பெயர்களுக்கென்று தனிக்கட்டு இருக்கிறது. பெயருக்கு 350 ரூபாய். ‘தாணுமாலயன்’ அட்டையில் தாளும் எழுத்தும் அருமை. விஷயத்தில்தான் பாதிக் கிணறு தாண்டியிருக்கிறார்கள்.

முன்பக்கத்தில் பொருள் சரியாக இருக்கிறது. தாணு சிவன், மால் திருமால், அயன் பிரம்மா. சுசீந்திரம் கோயிலில் மூவரும் ஒரே லிங்க வடிவில் இருப்பதால் சாமிக்கு அந்தப் பெயர். நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகளுக்கும் அது வந்தது. ‘ஸ்தாணு’ என்ற வடசொல்தான் தாணு ஆயிற்று, அசையாமல் நிற்பவன் என்று பொருள். பின்பக்கத்தைத் திருப்பினால் ‘தாணுமலையன்’, அதாவது மலையில் வாழ்பவனாம்! மாலும் அயனும் சேர்ந்தால் மாலயன். அதில் மலை எங்கே வந்தது?

அட்டையில் இருந்திருக்க வேண்டிய வரலாறு மூன்றே வரி. பட்டம் தாணுப் பிள்ளை 1948இல் திருவிதாங்கூர் பிரதமர், 1954இல் திருவிதாங்கூர்-கொச்சி முதல்வர், 1960 முதல் 1962 வரை கேரள முதல்வர். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் 1954 ஆகஸ்ட் 11 அன்று, தமிழ்நாட்டோடு சேரக் கோரிய தமிழர் போராட்டத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது அவர் ஆட்சியில்தான். 1956 நவம்பர் 1இல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தபின், 1957இல் நாகர்கோவில் எம்.பி. ஆனவர் தாணுலிங்க நாடார். எல்லையின் இரு பக்கமும் தாணுக்கள்! அட்டையோ அந்த இடத்தை ராசிக்கல்லுக்குக் கொடுத்துவிட்டது.

கூடுதலாக 200 ரூபாய் கேட்டு எண்கணிதப்படி ஆங்கில எழுத்துகளைக் கூட்டித் தருகிறார்கள். அது வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே இந்தப் பெயரைச் சிலர் ‘டி.எச்.’ என்றும் சிலர் ‘எஸ்.டி.எச்.’ என்றும் தொடங்குகிறார்கள். பிறப்புச் சான்றில் ஒன்றும் ஆதாரில் இன்னொன்றும் இருந்தால் பாஸ்போர்ட்டில் மாட்டிக்கொள்ளும். முதலில் எந்த எழுத்துக்கூட்டல் பதிவாகிறதோ, அதையே எல்லாத் தாளிலும் கொண்டுபோக வேண்டும். தலைப்பெழுத்தை விரித்து எழுதுவதா என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுவது நல்லது.

பெயரில்லாமல் பதிந்த பிறப்பில் 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு. பிரசவம் திருவனந்தபுரத்தில் என்றால் அங்குள்ள பதிவாளரிடம்தான் போக வேண்டும், வீடு குழித்துறையில் இருந்தாலும். கடைக்காரர் இதைச் சொல்வதில்லை.

அட்டை வேண்டுமென்றால் முன்பக்கம் மட்டும் அச்சடிக்கச் சொல்லுங்கள். 100 ரூபாய் குறைத்துக்கொள்கிறார்கள்.