நான்கு டர்போ, பன்னிரண்டு சிலிண்டர், விற்பனை பூஜ்யம்

டெட்ராய்ட் கார் கண்காட்சியில் எல்லோரையும் வாய்பிளக்க வைத்துவிட்டு, கடைசிவரை விற்பனைக்கு வராமலே போன அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார்கள் ஏராளம். அவற்றில் இரண்டை எதிரெதிரே நிறுத்திப் பார்க்கத் தோன்றியது: 1995இல் வந்த ஃபோர்டு ஜிடி90, 2004இல் வந்த கிரைஸ்லர் எம்.இ. ஃபோர் ட்வெல்வ். இரண்டிலும் எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால். இரண்டிலும் 12 சிலிண்டர், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணித்துத் திறனைக் கூட்டும் டர்போ 4. இரண்டுமே உறவுக்கார நிறுவனத்திடம் கைமாற்று வாங்கிப் பிறந்தவை. (இடையில் 2002இல் கடிலாக் சியென் வந்தது. 750 குதிரைத்திறன், V வடிவில் 12 சிலிண்டர் அடுக்கிய வி12 எஞ்சின். டர்போ கிடையாது என்பதால் அதை இந்தப் பந்தயத்தில் சேர்க்கவில்லை.)

ஜிடி90 அவசரத்தில் பிறந்த அழகு. ஜாகுவார் அப்போது ஃபோர்டின் கையில் இருந்தது. அதன் எக்ஸ்ஜே220 காரின் அடிக்கட்டமைப்பை எடுத்துக்கொண்டு, சிறு குழு ஒன்று ஆறு மாதங்களுக்குச் சற்று கூடுதலான காலத்தில் வேலையை முடித்தது. எஞ்சினைச் செய்த விதம் இன்னும் வேடிக்கை. இரண்டு வி8 எஞ்சின்களில் தலா இரண்டு சிலிண்டரைக் கழித்து, மிச்சத்தை ஒன்றாக்கி, 5.9 லிட்டர் வி12 ஆக்கினார்கள். 720 குதிரைத்திறன் என்றார்கள். வெள்ளை உடல் முழுக்கக் கத்தியால் சீவியதைப் போன்ற முக்கோணங்கள். பின்னால் நடுவில் இருக்கும் புகைக்குழாயின் வாய்கூட முக்கோணம்தான். அந்தப் புகையின் சூடு உடலைப் பொசுக்கிவிடாமல் இருக்க, விண்வெளி ஓடங்களில் பதிப்பது போன்ற பீங்கான் ஓடுகளைப் பதித்திருந்தார்கள். தொட்டுப் பார்க்க ஆசையாக இருக்கும் கார்.

நம்பி ஏறுவது என்றால் நான் கிரைஸ்லரில்தான் ஏறுவேன். அப்போது டெய்ம்லர் கிரைஸ்லர் என்ற ஒரே நிறுவனத்தில் கிரைஸ்லரோடு இருந்த மெர்சிடிஸின், அதிவேகக் கார்களுக்கான ஏஎம்ஜி பிரிவு தந்த 6 லிட்டர் எஞ்சின், 850 குதிரைத்திறன். அலுமினியத் தேன்கூட்டு அமைப்பும் கார்பன் ஃபைபர் உடலுமாக, எடை சுமார் 1,310 கிலோ மட்டும். மணிக்கு 97 கி.மீ. வேகத்தை 2.9 விநாடியில் எட்டும், உச்சத்தில் 400 கி.மீ. வரை போகும் என்பது நிறுவனத்தின் கணக்கு. அந்த எண்களைச் சாலையில் யாரும் சரிபார்க்கவில்லை. ஆனாலும் வெறும் காட்சிப்பொருளாக நின்றுவிடாமல், அதே ஆண்டு கலிஃபோர்னியாவின் லகூனா செகா பந்தயப் பாதையில் முன்மாதிரி ஒன்று பத்திரிகையாளர்கள் கண்முன் ஓடிக் காட்டியது.

பிறகு ஏன் வரவில்லை? ஃபோர்டின் ஆசை தன் பழைய ஜிடி40 பந்தயக் காரின் வடிவத்தின் பக்கம் திரும்பி, அதிலிருந்து ஃபோர்டு ஜிடி என்ற கார் உண்மையிலேயே விற்பனைக்கு வந்தது. கிரைஸ்லர் விஷயத்தில் எனக்குக் குடும்பத் தகராறு வாடை அடிக்கிறது. அதே டெய்ம்லர் கிரைஸ்லர் கூரையின் கீழ் அப்போது மெர்சிடிஸ் எஸ்எல்ஆர் மெக்லாரன் என்ற ஸ்போர்ட்ஸ் கார் விற்பனைக்கு நின்றது. அதன் திறன் 626 குதிரைதான்; பக்கத்தில் 850 குதிரை வந்து நின்றால் அது மங்கிப்போகுமே!