'போ'வைத் தேடி விக்சனரியில்

புதுச்சேரியில் வீட்டிலேயே பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "போவதற்கு 'அலே' என்கிறீர்கள். 'போகிறேன்' மட்டும் ஏன் 'வே' ஆகிறது மிஸ்? 'போவேன்' ஏன் 'இரே' ஆகிறது?" நான் விலை கொடுத்து வாங்கிய அகராதி, 'ஒழுங்கற்ற வினை' என்ற இரண்டே சொற்களில் அவள் வாயை அடைத்துவிடும். எனக்கு மனம் ஒப்பவில்லை.

அன்றிரவு இணைய அகராதியான ஆங்கில விக்சனரியில் அந்தச் சொல்லின் பிறப்புப் பகுதியைத் திறந்தேன். பதில் அங்கே இருந்தது. 'வே' லத்தீனின் 'வாதெரே'யிலிருந்து வந்தது. 'இரே', போவதற்கு லத்தீனில் இருந்த பழைய வினையான 'ஈரே'யின் எச்சம். 'அலே'யை உலாவுதலைக் குறித்த 'அம்புலாரே'யோடு பலர் இணைக்கிறார்கள். அதில் அறிஞர்களிடையே இன்னும் முழு உடன்பாடு இல்லை. நம் போகிறேன், போனேன், போவேன் மூன்றிலும் 'போ' அப்படியே நிற்கிறது. அங்கோ மூன்று வினைகள் சேர்ந்து ஒரு குடித்தனம் நடத்துகின்றன.

இந்த அகராதியில் லத்தீன் வினையைத் தேடுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 'ஈரே' என்று தேடினால் ஒரு வரிதான் கிடைக்கும். லத்தீன் அகராதி மரபுப்படி 'நான் போகிறேன்' என்னும் வடிவமான 'ஏஓ'தான் தலைச்சொல். அந்தப் பக்கத்தில் மூடியிருக்கும் திரிபு அட்டவணையைச் சொடுக்கித் திறக்க வேண்டும். எல்லாக் காலமும், தன்மை, முன்னிலை, படர்க்கை என எல்லா இடமும் அங்கே விரியும். அதற்கும் கீழே வழித்தோன்றல்கள் பகுதி, அதாவது அந்தச் சொல்லிலிருந்து பிற மொழிகளில் பிறந்த சொற்கள். எனக்குப் பிடித்தது அதுதான்.

அதைப் பிடித்துக்கொண்டு மொழி மொழியாகப் போனேன். ஸ்பானிய மொழியில் 'வோய்' என்றால் போகிறேன். 'ஃபுயி' என்றால் போனேன், இருந்தேன் இரண்டும். ருமேனிய மொழி போவதற்கு எடுத்துக்கொண்ட 'மெர்ஜெ', லத்தீனில் மூழ்குதலைக் குறித்த வினை! கட்டலான் இன்னும் விசித்திரம். 'வோய் அ காந்தார்' என்று ஸ்பானியர் சொன்னால் பாடப்போகிறேன் என்று பொருள். அதே 'போகிறேன்' வடிவத்தோடு கட்டலானியர் 'வாச் காந்தா' என்றால் பாடினேன் என்று பொருள். இதைப் படித்துவிட்டு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

எல்லாம் இலவசம். அடிப்படை இலக்கணம் தெரிந்தவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். சுருக்கக் குறியீடுகள் மிரட்டும், பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். நானும் அவளும் அப்படித்தான் உட்கார்ந்தோம். மூன்று வினைகளையும் மூன்று நிற மையில் நோட்டில் எழுதிக்கொண்டாள். அடுத்து 'இருத்தல்' வினையைப் பார்க்க வேண்டுமாம்.