ரோஸேயின் ‘ரோஸி’: பன்னிரண்டு பாடல்களைத் தனியே சுமக்கும் குரல்

தென்கொரியப் பெண்கள் குழுவான பிளாக்பிங்க்கின் பாடகி ரோஸே, 2024 டிசம்பர் 6ஆம் நாள் வெளியிட்ட முதல் முழுநீளத் தனித்தொகுப்பு ‘ரோஸி’. பன்னிரண்டு பாடல்கள், ஏறத்தாழ 35 நிமிடங்கள். தொகுப்பு வருவதற்கு ஏழு வாரங்களுக்கு முன்பே, அமெரிக்கப் பாடகர் புருனோ மார்ஸுடன் அவர் பாடிய ‘ஏபிடி’ உலகெங்கும் ஒலிக்கத் தொடங்கிவிட்டதால், கேட்பவர்களில் பெரும்பாலோர் அந்த ஒரு பாடலின் வழியாகவே இங்கு வந்து சேர்கிறார்கள். அவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் அதைப் போன்ற இன்னொரு பாடல் இத்தொகுப்பில் கிடையாது. எஞ்சிய பதினொன்றும் பெரும்பாலும் ஒரு காதல் முறிந்த கதையை வெவ்வேறு கோணங்களில் திரும்பத் திரும்பச் சொல்பவை. ஆனால் குழுவில் சில நொடிகளுக்கு மட்டும் கேட்டுப் பழகிய ஒரு குரல், துணையின்றி ஒரு முழுத் தொகுப்பைத் தாங்குமா என்ற கேள்வியோடு அமர்பவருக்கு இங்கே கவனிக்க நிறைய இருக்கிறது.

ரோஸே 1997இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பிறந்து, ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் வளர்ந்தவர். கொரிய இசை நிறுவனமான ஒய்ஜி என்டர்டெயின்மென்ட் 2012இல் சிட்னியில் நடத்திய குரல் தேர்வில் ஏறத்தாழ 700 பேருக்கு நடுவே முதலிடம் பெற்று, பதினைந்து வயதில் சியோலுக்குக் குடிபெயர்ந்து, நான்காண்டுகள் பயிற்சி மாணவியாக இருந்த பிறகே, 2016 ஆகஸ்ட் 8ஆம் நாள் ஜிசூ, ஜென்னி, லிசா ஆகியோருடன் பிளாக்பிங்க்கில் அறிமுகமானார். மூன்று நிமிடப் பாடலை நால்வர் பங்கிட்டுக்கொள்ளும் குழுவில், ஒருவருக்குக் கிடைப்பது சில வரிகள்தான். அந்தப் பங்கீட்டை நொடிக்கணக்கில் அளந்து, தங்கள் அபிமானப் பாடகிக்கு அநீதி இழைக்கப்பட்டதாக ரசிகர்கள் பட்டியல் போடுவது கொரிய பாப் உலகில் அன்றாட வழக்கம். இந்தக் கணக்குப்பிள்ளை வேலை சிரிப்பூட்டினாலும் அதில் ஒரு நியாயம் உண்டு. ரோஸேயின் குரல் மெல்லியது, சற்றே மூக்கில் தங்கி வருவது, மேல் ஸ்தாயியை எட்டும்போது விளிம்பில் லேசாக உடைவது. ராப் வரிகளும் கனத்த தாளமும் நிறைந்த பாடலில், பல்லவி வெடிப்பதற்குச் சற்று முன் அந்தக் குரல் நுழைந்தால் பாட்டின் நிறமே மாறும். குழுவின் இசையமைப்பாளர்கள் அதை மிகச் சரியாகப் பயன்படுத்தினார்கள். ஆனால் உணவில் தாளிதம்போல் அளவாகச் சேர்க்கப்பட்ட ஒன்றைத் தனியே பரிமாற முடியுமா என்பது 2024 வரை முழுமையாகச் சோதிக்கப்படவே இல்லை.

2021 மார்ச்சில் தனியாக அவர் வெளியிட்ட ‘ஆர்’ ஒரு முன்னோட்டம் மட்டுமே. இரண்டே பாடல்கள் கொண்ட அந்தச் சிறு வெளியீடு முதல் வாரத்தில் ஏறத்தாழ 4.48 லட்சம் பிரதிகள் விற்றது. கொரியத் தனிப்பாடகி ஒருவருக்கு அது அன்று சாதனை. முதன்மைப் பாடலான ‘ஆன் தி கிரவுண்ட்’ அமெரிக்காவில் பாடல்களைத் தரவரிசைப்படுத்தும் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 70ஆம் இடத்தைத் தொட்டது. ஆயினும் அந்தப் பாட்டு கிதாரோடு எளிமையாகத் தொடங்கி, பல்லவி வரும் நேரத்தில் குரலை ஒதுக்கிவிட்டு மின்னிசையை முன்னே தள்ளியது. குழுவின் பழக்கம் தனிப்பாடலிலும் தொற்றிக்கொண்டிருந்தது. இரண்டாவது பாடலான ‘கான்’ மட்டும் கிதாரையும் குரலையும் நம்பி நின்றது. ‘ரோஸி’யின் விதை அங்கேதான் இருந்தது என்று இப்போது கேட்கையில் தோன்றுகிறது.

இடையில் நடந்த ஒப்பந்த மாற்றத்தைச் சொல்லாமல் இத்தொகுப்பின் தன்மையை விளக்க முடியாது. தென்கொரியாவின் நியாய வர்த்தக ஆணையம் 2009இல் வகுத்த மாதிரி ஒப்பந்தம், கலைஞரை நிறுவனம் கட்டிவைக்கும் காலத்தை ஏழாண்டுகள் என்ற அளவில் நிறுத்தியது. அதனால்தான் கொரியக் குழுக்கள் பலவும் ஏழாம் ஆண்டில் ஆட்டம் காண்கின்றன. பிளாக்பிங்க்குக்கு அந்த ஆண்டு 2023. நால்வரும் குழுவாகச் செயல்படுவதற்கு மட்டும் ஒய்ஜியுடன் ஒப்பந்தத்தைப் புதுப்பித்து, தனிப்பட்ட பணிகளுக்கு அவரவர் வழியில் போனார்கள். ஜென்னி, லிசா, ஜிசூ மூவரும் சொந்தமாக நிறுவனம் தொடங்கினர்; ரோஸே மட்டும் 2024 ஜூனில், பிளாக்பிங்க் பாடல்களை உருவாக்கிய டெடி நடத்தும் தி பிளாக் லேபிளில் சேர்ந்தார். பிறகு அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸுடன் கையெழுத்திட்டார். மேலாண்மைக்குக் கொரிய நிறுவனமும் உலக வெளியீட்டுக்கு அமெரிக்க நிறுவனமும் என்ற இந்த ஏற்பாட்டின் தடயத்தைத் தொகுப்பு முழுவதும் கேட்கலாம்: எழுதியவர்கள், இசைக்கோர்ப்பு, மொழி மூன்றுமே பெரும்பாலும் அமெரிக்கச் சந்தையை நோக்கி நிற்கின்றன.

முதல் பாடலான ‘நம்பர் ஒன் கேர்ள்’ துணிச்சலான தொடக்கம். பியானோ, குரல், பின்னர் மெல்லத் திரளும் கோரஸ் என்று அமைந்த இப்பாடலின் உருவாக்கத்திலும் புருனோ மார்ஸுக்குப் பங்குண்டு. இணையத்தில் தன்னைப் பற்றி எழுதப்படுவதை விடியும்வரை படித்துக்கொண்டிருந்த ஓர் இரவுக்குப் பிறகு இது பிறந்ததாக ரோஸே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ‘நீதான் முதலிடம்’ என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்ற ஏக்கத்தைக் காதலனிடம் பேசுவதாகவும் கேட்கலாம், முகமறியாத ரசிகக் கூட்டத்திடம் பேசுவதாகவும் கேட்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் பொருந்தும்படி எழுதப்பட்டிருப்பதே இதன் வலிமை. தன்னம்பிக்கையை அணிகலனாக அணிந்து மேடையில் நின்ற குழுவிலிருந்து வந்தவர், தன் முதல் தொகுப்பைக் கெஞ்சலோடு திறக்கிறார். உச்ச ஸ்வரத்தில் குரல் உடையும் இடத்தைப் பதிவில் திருத்தி வழவழப்பாக்காமல் விட்டிருக்கிறார்கள். அதற்காகவே ஒலிப்பதிவாளரைப் பாராட்ட வேண்டும்.

‘த்ரீ ஏஎம்’ தீங்கில்லாத பாட்டு, அவ்வளவுதான். ‘டூ இயர்ஸ்’ அப்படியல்ல. பிரிந்து இரண்டாண்டுகள் ஆகியும் நாள் நகராதவளின் மனநிலையை, 1980களை நினைவூட்டும் சிந்தசைசர் ஒலியின் மீது, சற்று விரைவான நடையில் வைத்திருக்கிறார்கள். துக்கத்தைத் துக்க நடையிலேயே பாடாமல், ஓடிக்கொண்டே பாடுவதால் அது கூர்மையாகிறது. அடுத்து வரும் ‘டாக்ஸிக் டில் தி எண்ட்’ என் கணிப்பில் தொகுப்பின் சிறந்த பாடல். முன்னாள் காதலனை அவைக்கு அறிமுகம் செய்வதுபோல் பேச்சில் தொடங்கி, பழியும் பகடியும் கலந்து அடுக்கிக்கொண்டே போய், தன் இளமையின் நல்ல வருடங்களை வீணாக்கியதை மட்டும் மன்னிக்க முடியாது என்ற வரியில் வந்து நிற்கிறது. பதினைந்து வயதிலிருந்து பயிற்சிக்கூடத்திலும் மேடையிலும் வருடங்களைச் செலவிட்ட ஒருவர் பாடுவதால் அந்த வரிக்குக் கனம் கூடிவிடுகிறது. கொரிய பாப் கலைஞர்கள் காதலிப்பதையே ஒப்புக்கொள்ளத் தயங்கும் துறையில், இவ்வளவு வெளிப்படையாக ஒரு கசந்த உறவைப் பாட்டின் பொருளாக்குவது சிறிய செயல் அல்ல.

இதற்குப் பிறகு, ‘ட்ரிங்ஸ் ஆர் காஃபி’யைக் கடந்ததும், ஆறாவதாக வருகிறது ‘ஏபிடி’. கொரிய இளைஞர்கள் மது அருந்தும்போது ஆடும் ஒரு விளையாட்டுதான் இதன் கரு: ‘அபாட்டு, அபாட்டு’ (அடுக்குமாடிக் குடியிருப்பைக் குறிக்கும் கொரியச் சொல்; பாடலின் பெயர் அதன் சுருக்கம்) என்று கூவியபடி எல்லோரும் கைகளை ஒன்றன்மீது ஒன்றாக அடுக்குவார்கள், ஒருவர் ஓர் எண்ணைச் சொல்ல, அடியிலிருந்து ஒவ்வொரு கையாக உருவி மேலே வைக்க, அந்த எண் யார் கையில் முடிகிறதோ அவர் குடிக்க வேண்டும். அந்தக் கூவலையே பல்லவியாக்கி, அதன்மீது கைதட்டலும் கரகரப்பான கிதாரும் சேர்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பிரபலமான ‘மிக்கி’ என்ற பழைய பாடலின் சாயலும் இதில் கலந்திருப்பதால், அதை எழுதியவர்களின் பெயர்களும் பாடலாசிரியர் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. விளைவு, ஒருமுறை கேட்டால் தலையை விட்டு இறங்காத பாட்டு. 2024 நவம்பரில் கொரிய மாணவர்கள் எழுதவிருந்த கல்லூரி நுழைவுத் தேர்வான சுனுங்கிற்கு முன் கேட்கக் கூடாத பாடல்களில் ஒன்றாக இதைச் சேர்த்துக் கேலி பேசினார்கள். யூன் சூ-இல் 1982இல் பாடிய, அதே ‘அபாட்டு’ என்னும் பெயர்கொண்ட பழைய கொரியப் பாடலையும் மக்கள் மீண்டும் தேடிக் கேட்கத் தொடங்கினார்கள். ஹாட் 100 பட்டியலில் மூன்றாம் இடம் வரை சென்ற ‘ஏபிடி’, 2025 செப்டம்பரில் எம்டிவி தொலைக்காட்சியின் விஎம்ஏ இசைக் காணொளி விருதுகளில் ஆண்டின் சிறந்த பாடலாகத் தேர்வானது; கிராமியில் ஆண்டின் சிறந்த பதிவு, சிறந்த பாடல் ஆகிய பெரும் பிரிவுகளுக்கும் பரிந்துரைக்கப்பட்டது.

இத்தனை வெற்றி பெற்ற பாடலே தொகுப்பின் கட்டுமானத்தைக் குலைக்கிறது என்பதுதான் விந்தை. இருபுறமும் பிரிவுத் துயர் நிற்க, நடுவில் திடீரென்று ஒரு கொண்டாட்டம் வந்து, மூன்று நிமிடங்களுக்குள் ஓய்ந்துவிடுகிறது. இதை இறுதியில் தனியே வைத்திருக்கலாம், அல்லது தொகுப்பில் சேர்க்காமலே விட்டிருக்கலாம். ஆனால் எந்த நிறுவனமும் அப்படிச் செய்யாது என்பதையும் அறிவேன். இதிலிருந்து இன்னொன்றும் புலப்படுகிறது. சியோலின் இரவு வாழ்க்கையிலிருந்து நேராக எடுத்த பொருளும் கொரியச் சொற்களும் உள்ள பாட்டே உலகத்தைக் கவர்ந்தது. உலகத்தைக் கவர்வதற்கென்று முழுக்க ஆங்கிலத்தில், அமெரிக்கப் பாணியில் செய்யப்பட்ட பிற பாடல்களுக்கு அந்த வீச்சு கிட்டவில்லை. ஆங்கிலம் ரோஸேக்கு வளர்ந்த ஊரின் மொழி என்பதால் அவர் அதில் பாடுவதில் பொய்மை ஏதும் இல்லை. ஆயினும் சியோலில் கழிந்த பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே ஒரு பாடலில் மட்டும் எட்டிப் பார்ப்பது குறையாகவே படுகிறது.

பின்பாதியில்தான் தொகுப்பு தளர்கிறது. ‘கேம்பாய்’ இலகுவான கிதாரோடு நன்றாகவே நகர்கிறது. அதன்பின் வரும் ‘ஸ்டே எ லிட்டில் லாங்கர்’, ‘நாட் தி சேம்’, ‘கால் இட் தி எண்ட்’, ‘டூ பேட் ஃபார் அஸ்’ ஆகிய நான்கும் அடுத்தடுத்து மந்த நடையில், பியானோவையோ கிதாரையோ மட்டும் துணைக்கொண்டு, ஒரே உணர்வைச் சுற்றிவருகின்றன. தனித்தனியே எடுத்துக் கேட்டால் ஒன்றும் மோசமில்லை. பிரிந்தவனை இனி என்ன உறவு சொல்லி அழைப்பது என்று திகைக்கும் ‘கால் இட் தி எண்ட்’ நிச்சயம் நல்ல பாட்டு. தொடர்ந்து கேட்கும்போதோ எது எங்கே முடிந்தது என்று பிரித்தறிவது கடினமாகிறது. இங்கேதான் முன்னர் எழுப்பிய கேள்விக்கு விடையும் கிடைக்கிறது: குரல் தாங்குகிறது, பாடல்கள்தாம் அதற்குப் போதுமான வேலை கொடுக்கவில்லை. மெல்லிய குரலுக்கு மெல்லிய துணையே பொருந்தும் என்று இசையமைப்பாளர்கள் எண்ணிவிட்டதுபோல் தெரிகிறது. முன்பாதியில் சிந்தசைசரோடும் ராக் கிதாரோடும் மோதும்போது அதே குரல் எவ்வளவு உயிர்ப்போடு நிற்கிறது என்பதை அவர்களே காட்டிய பிறகு இந்தத் தயக்கம் புரியவில்லை. இறுதிப் பாடலான ‘டான்ஸ் ஆல் நைட்’ சற்று வெளிச்சம் தந்து இந்தச் சோர்வை ஓரளவு தணிக்கிறது.

பன்னிரண்டு பாடல்களிலும் எழுதியவர்கள் வரிசையில் ரோஸேயின் பெயர் இருக்கிறது. பாடகிக்கு எழுதும் உரிமை அரிதாகவே கிடைக்கும் அமைப்பில் வளர்ந்தவருக்கு இது பெரிய நகர்வு. தொகுப்புக்கு வைத்த பெயரும், குடும்பத்தினரும் நண்பர்களும் தன்னை அழைக்கும் பெயர் என்று அவரே கூறியது. ஆனால் அந்தரங்கத்தைப் பெயரில் அறிவித்துவிட்டு, வரிகளில் பல இடங்களில் பொதுவான சொற்களோடு நின்றுவிடுகிறார். ‘டாக்ஸிக் டில் தி எண்ட்’டில் உள்ளதுபோன்ற, வேறு எவராலும் எழுத முடியாத நுணுக்கங்கள் இன்னும் நான்கைந்து பாடல்களில் இருந்திருந்தால் இத்தொகுப்பின் தரமே வேறு. இசைத்தொகுப்புகளைத் தரவரிசைப்படுத்தும் பில்போர்டு 200 பட்டியலில், விற்பனையும் ஸ்ட்ரீமிங்கும் சேர்ந்து 1,02,000 பிரதிகளுக்கு நிகரான கணக்கோடு மூன்றாம் இடத்தில் நுழைந்து, கொரியத் தனிப்பாடகி ஒருவர் அதுவரை எட்டிய மிக உயர்ந்த இடத்தை இது பெற்றது என்பதால், அடுத்த தொகுப்பில் அவர் இன்னும் பிடிவாதமாக எழுதுவதற்குத் தேவையான பேரம் பேசும் வலிமை இப்போது அவர் கையில் இருக்கிறது.

வாங்குவது பற்றி ஒரு சொல். கொரிய பாப் குறுந்தகடுகளைப் படப்புத்தகத்துக்காகவும் கலைஞரின் படம் அச்சிட்ட போட்டோகார்டு அட்டைகளுக்காகவும் வெவ்வேறு பதிப்புகளில் சேர்ப்பவர்கள் எப்படியும் வாங்கிவிடுவார்கள். அவர்களுக்கு விமர்சனம் தேவையில்லை. மற்றவர்கள் ஸ்ட்ரீமிங் செயலியிலேயே கேட்கலாம், ஆனால் கலைத்துப் போட்டுக் கேட்க வேண்டாம். முதல் நான்கு பாடல்களை வரிசையாகவும், ‘ஏபிடி’யைத் தனியாகவும், பின்பாதியை இன்னொரு நாளைக்கு ஒதுக்கியும் கேட்டால் பாடல்கள் ஒன்றையொன்று மங்கச் செய்யாது. பிளாக்பிங்க்கின் அதிரடியை எதிர்பார்ப்பவர்கள், 2025இன் தொடக்கத்தில் வந்த ஜென்னியின் ‘ரூபி’க்கும் லிசாவின் ‘ஆல்டர் ஈகோ’வுக்கும் நேராகப் போய்விடலாம்.